மாதிரி வார்த்து உடைத்துப் பார்க்காமல் அந்தச் சுவரை எடுக்காதீர்கள்: ஒரு திறந்த மடல்

குவாரிக் குழி நிரப்பும் திட்டத்துக்கு அறிக்கை தயாரித்த வல்லுநர் குழுவினருக்கும், அதற்கு ஒப்புதல் தரவிருக்கும் அதிகாரிகளுக்கும்,

எங்கள் ஊர்க் கூட்டத்தில் நீங்கள் வாசித்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கேயே காரணம் சொல்ல எழுந்தேன். நேரமில்லை, எழுத்தில் கொடுங்கள் என்றீர்கள். சரி, எழுத்திலேயே தருகிறேன். பர்கூர், ஜெகதேவி, மத்தூர் என்று இந்த வட்டாரத்தில் குழி ஓரமாகக் குடியிருக்கிற எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு. அதனால் உங்களுக்கு மட்டும் அனுப்பாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உங்கள் அறிக்கையை நான் புரிந்துகொண்டது இது. கைவிடப்பட்ட குழியில் பாலிஷ் ஃபேக்டரிகளின் கிரானைட் ஸ்லரியை, அதாவது கல் அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் வரும் தூள் கலந்த சேற்றை, சிமென்டோடு கலந்து நிரப்பப் போகிறீர்கள். அது இறுகியதும், அந்தக் குழிக்கும் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் குவாரிக்கும் நடுவே நிற்கிற பாறைச் சுவரை அறுத்து எடுக்கப் போகிறீர்கள். சுவரில் நல்ல கல் இருக்கிறது, விட மனம் வராது, அது புரிகிறது. ஆனால் சுவர் போனதும் நிரப்பின் ஒரு பக்கம் முப்பது மீட்டர் உயரத்துக்குத் திறந்து நிற்கும். அதன் அடியில் டிரில்லர்களும், ஹிட்டாச்சி ஓட்டுகிறவர்களும், வயர் கட்டிங் ஆட்களும் நாள் முழுக்க வேலை செய்வார்கள். நிரப்பு தாங்கும் என்று கணினி மாடல் கணித்துவிட்டதால், எங்கள் ஸ்லரியில் மாதிரி வார்த்துச் சோதிக்கத் தேவையில்லை, செலவும் காலமும் மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எதிர்ப்பது இந்தக் கடைசி வரியைத்தான்.

குழியை நிரப்புவதை நான் எதிர்க்கவில்லை. தண்ணீர் தேங்கிய குவாரிக் குழியில் பிள்ளைகள் விழுந்துவிடுவார்களோ, மாடு இறங்கிவிடுமோ என்று பயந்துகொண்டே வாழ்கிறவர்கள் நாங்கள். ஸ்லரியை ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் கொட்டிவிட்டுப் போகிறார்கள். காய்ந்ததும் அது காற்றில் கிளம்பி மாந்தோப்பில் பூவின் மேல் வெள்ளையாகப் படிகிறது. குழியையும் கழிவையும் ஒன்றாகத் தீர்க்கும் யோசனை நல்ல யோசனை. அது கெட்டுப்போகக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு எழுதுகிறேன்.

நான் பொறியாளர் இல்லை. டிப்ளமோ முடித்துவிட்டு, வட மாநிலத்தில் ஓர் உலோகச் சுரங்கத்தின் பேக்ஃபில் (வெட்டிய இடத்தை நிரப்பும் கலவை) ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பூமிக்கு அடியில் தாது எடுத்த வெற்றிடத்தை அப்படியே விட்டால் சுற்றியுள்ள பாறை இடிந்து இறங்கும். எங்கள் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போன தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே வெட்டிய இடத்தைத் தாங்கக் கருங்கல்லை அடுக்கிச் சுவராகக் கட்டினார்கள். இன்று ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் ஆலைக் கழிவு மணலைத் தண்ணீரோடு குழாயில் அனுப்பி நிரப்புகிறார்கள். ராஜஸ்தானின் துத்தநாகச் சுரங்கங்களில் ஆலைக் கழிவுத் தூளோடு சிமென்ட் கலந்து பேஸ்ட்டாக உள்ளே தள்ளுகிறார்கள். அப்படி ஒரு பேஸ்ட்டைத்தான் நான் என் பணிக்காலம் முழுக்க வார்த்தேன், உடைத்தேன்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் தேவையில்லை என்று தள்ளியது அதைத்தான். கலவை குழாய்க்குள் போகும் முன் ஒரு வாளியில் பிடிப்போம். ஸ்லம்ப் கோன் என்ற கூம்பு அச்சில் நிரப்பி, அச்சைத் தூக்கியதும் கலவை எவ்வளவு சரிகிறது என்று பார்ப்போம். இட்லி மாவுப் பதத்துக்கு இருக்கும். உருளை மோல்டில் ஊற்றி, பக்கவாட்டில் தட்டிக் காற்றை வெளியேற்றி, தேதியும் எந்த இடத்து நிரப்பு என்பதையும் எழுதி, ஈரம் குறையாத அறையில் வைப்போம். 7-ஆம் நாள், 28-ஆம் நாள், சிலவற்றை 90-ஆம் நாள் வரை வைத்து அழுத்தி உடைப்போம். மோல்டைக் கழற்றும்போதே கைக்குப் பாதி தெரிந்துவிடும். நல்ல உருளையை நகத்தால் கீறினால் மெல்லிய கோடுதான் விழும். தண்ணீர் கூடிப்போன உருளையில் மேல்பக்கம் ஒரு விரல் கனத்துக்குச் சொதசொதவென்று இருக்கும், தூக்கும்போதே விளிம்பு உதிர்ந்து மேசையில் கொட்டும். கணினித் திரையில் இரண்டும் ஒரே கலவை விகிதம்தான்.

எங்கள் சுரங்கத்திலும் வலிமையைக் கணிக்கும் மாடல் இருந்தது. அதை நான் மதித்தேன். புதிய சிமென்ட் அளவு முடிவு செய்ய வேண்டுமென்றால் பத்து விதக் கலவையை வார்ப்பதற்குப் பதில் மூன்றை வார்த்தால் போதும் என்று அது வழிகாட்டியது. ஒரு பருவத்தில் சுரங்கத்தின் வேறு பகுதியிலிருந்து தாது வர ஆரம்பித்தது. அரைத்த கழிவு பார்க்க அதே சாம்பல் நிறம்தான். சிமென்ட் அளவும் மாறவில்லை, குழாயில் ஓட்டமும் மாறவில்லை. மாடல் வழக்கமான எண்ணையே காட்டியது. 28-ஆம் நாள் உருளைகளை மெஷினில் வைத்தபோது மாடல் சொன்னதில் பாதியைக்கூட எட்டாமல் அவை நசுங்கின. சட்டென்று வெடித்து உடையும் சத்தமே வரவில்லை. பக்கவாட்டில் பிதுங்கி உட்கார்ந்துவிட்டன. அந்த நிரப்பின் பக்கத்துப் பாறைத் தூணில் வெடி வைக்க நாள் குறித்திருந்தார்கள். அன்று மாலையே நிறுத்தினார்கள். புதிய கழிவில் களிமண் போன்ற நுண்துகள் கூடியிருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்த மாற்றத்தை மாடலுக்குச் சொல்ல ஆளில்லை, அதனால் அதற்குத் தெரியவில்லை. வெடி வைத்த பிறகு அந்த நிரப்பின் அடியில் நின்றிருக்க வேண்டியவர்களில் சிலரோடு நான் தினமும் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவன். மாதிரி தேவையில்லை என்ற உங்கள் வரியை என்னால் சும்மா கடந்து போக முடியாததற்கு அதுதான் காரணம்.

இனி உங்கள் மாடலுக்கு வருகிறேன். அது எதிலிருந்து கற்றுக்கொண்டது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதற்கு, வெளிநாட்டுச் சுரங்கங்களைப் பற்றி வெளியான ஆய்வுகளில் உள்ள சோதனை முடிவுகளிலிருந்து என்று பதில் வந்தது. இப்படிப்பட்ட மாடல்களுக்குச் சிமென்ட் எவ்வளவு, திடப்பொருள் எவ்வளவு, எத்தனை நாள் இறுகியது, துகள் எவ்வளவு நுண்மை என்பவற்றைக் கொடுத்து, உடைந்தபோது கிடைத்த வலிமையையும் கொடுத்துப் பழக்குவார்கள். பிறகு புதிதாக ஒரு கலவையைக் கேட்டால் அதுவே ஊகித்துச் சொல்லும். மாடலின் கணிப்பும் சோதனை எண்ணும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற பொருத்த அளவு, ஒன்று என்றால் முழுப் பொருத்தம், ஒன்றுக்கு மிக அருகில் வந்திருக்கிறது என்று படம் காட்டினீர்கள். அந்தப் பொருத்தத்தை எப்படிச் சோதித்தீர்கள் என்பதுதான் என் கேள்வி. ஒரே நாளில் ஒரே வாளியிலிருந்து வார்த்த உருளைகளில் 7 நாள் உருளையின் முடிவு மாடலைப் பழக்கவும், 14 நாள் உருளையின் முடிவு அதைச் சோதிக்கவும் போயிருந்தால், மாடல் விடையைப் பாதி பார்த்துவிட்டுத்தான் தேர்வு எழுதியிருக்கிறது. ஒரு சுரங்கத்தின் முடிவுகள் முழுவதையும் மறைத்து வைத்து, மற்ற சுரங்கங்களை மட்டும் காட்டிப் பழக்கி, மறைத்த சுரங்கத்தைக் கணிக்கச் சொன்னீர்களா? அப்படிச் செய்ததாக அறிக்கையில் எங்கும் இல்லை. நம் குழிக்கு மாடல் செய்யப்போவது அந்த வேலைதானே. பார்த்தே இராத ஒரு பொருளைக் கணிக்கப் போகிறது.

அந்தப் பொருள் எவ்வளவு வேறு என்று ஃபேக்டரிக்குள் போய்ப் பார்த்தால் தெரியும். உலோகச் சுரங்கக் கழிவு ஆலையில் அரைத்த தாதுவின் மிச்சம். நம் ஸ்லரி கல்லை அறுத்துத் தேய்த்த தூள். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், அப்புறம் மைக்கா. மைக்கா தகடு தகடாக இருக்கும். தண்ணீரை அதிகம் கேட்கும், ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும். பழைய கேங்சா (பல பிளேடுகளால் கல்லை அறுக்கும் மெஷின்) ஓடுகிற இடத்தில் ஸ்லரியோடு இரும்புக் குருணையும் சுண்ணாம்பும் சேர்ந்து வரும், காய்ந்தால் துருப்பிடித்துப் பழுப்பாகும். வயர் மெஷின் இருக்கிற இடத்தில் அவை இருக்காது. பாலிஷ் லைனிலிருந்து தேய்ப்புக் கல்லின் ரெசின் தூளும் கலக்கிறது. தொட்டியில் தூள் சீக்கிரம் அடியில் தங்குவதற்காக மருந்து ஊற்றுகிறார்கள், அதுவும் ஃபேக்டரிக்கு ஃபேக்டரி மாறும். இவை ஒவ்வொன்றும் சிமென்ட் இறுகுவதை ஏதோ ஒரு விதத்தில் மாற்றக்கூடியவை. கூட்டுமா, குறைக்குமா என்பதை வார்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு விஷயத்தில் நம் ஸ்லரி மேல் என்பதையும் சொல்ல வேண்டும். உலோகச் சுரங்கக் கழிவில் பைரைட் போன்ற கந்தகக் கனிமங்கள் இருந்தால், முதலில் ஏறிய வலிமை சில மாதங்கள் கழித்து இறங்க ஆரம்பிக்கும். கிரானைட் தூளில் அந்தத் தொல்லை குறைவாகவே இருக்கும். ஆக, உங்கள் மாடல் பழகிய பொருளோடு நம் பொருள் நல்லதிலும் ஒத்துப்போகவில்லை, கெட்டதிலும் ஒத்துப்போகவில்லை.

தண்ணீர்க் கணக்கை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நூறு கிலோ கலவையில் 75 கிலோ திடப்பொருள், 25 கிலோ தண்ணீர், திடப்பொருளில் 5 சதவீதம் சிமென்ட் என்று வைத்துக்கொள்வோம். சிமென்ட் 3.75 கிலோ. ஒரு கிலோ சிமென்டுக்கு 6.7 கிலோ தண்ணீர் விழுகிறது. வீட்டுக்கு கான்கிரீட் போடும்போது ஒரு கிலோ சிமென்டுக்கு அரை கிலோ தண்ணீர்தான். அதாவது பேக்ஃபில் என்பது தொடக்கத்திலேயே விளிம்பில் நிற்கும் கலவை. இதில் டேங்கரில் வரும் ஸ்லரி கொஞ்சம் நீர்த்துப்போய் திடப்பொருள் 65 சதவீதமாக இறங்கினால், அதே 5 சதவீத சிமென்டில் ஒரு கிலோ சிமென்டுக்குத் தண்ணீர் 10.8 கிலோவாகிவிடும். ஃபேக்டரித் தொட்டியில் அடியில் அள்ளிய ஸ்லரிக்கும் மேலே மொண்ட ஸ்லரிக்கும் இவ்வளவு வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். எத்தனையோ ஃபேக்டரிகளிலிருந்து வரும் வண்டிகளைக் குழி வாசலில் நிறுத்தி யார் அளப்பார்கள்? அறிக்கையில் அதற்கு ஓர் ஆள்கூட ஒதுக்கப்படவில்லை.

தேவையான வலிமையை நீங்கள் கணக்கிட்ட விதத்திலும் எனக்குப் பெரிய கவலை இருக்கிறது. 300 கிலோபாஸ்கல் (அழுத்தத்தைத் தாங்கும் வலிமையின் அளவு) போதும் என்கிறீர்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். பூமிக்கு அடியில் ஒரு பக்கம் திறந்து நிற்கும் நிரப்புக்கு, கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிட்செலும் உடன் ஆய்ந்தவர்களும் 1982-இல் வெளியிட்ட சூத்திரம் அது. ஒரு கன மீட்டர் நிரப்பின் எடையை உயரத்தால் பெருக்கி, ஒன்றோடு உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைக் கூட்டி, அதால் வகுக்க வேண்டும். ஒரு கன மீட்டர் இரண்டு டன், உயரம் 30 மீட்டர், அகலம் 15 மீட்டர் என்றால் 200 கிலோபாஸ்கல் வரும். பாதுகாப்புக்கு ஒன்றரை மடங்கு எடுத்தால் உங்கள் 300. ஆனால் 15 மீட்டர் என்பது சுரங்கத்துக்குள் இருக்கும் ஒடுங்கிய வெற்றிடத்தின் அகலம். நம் குழியின் திறந்த பக்கம் 90 மீட்டர். அதே சூத்திரத்தில் அதைப் போட்டால் 450 வருகிறது, ஒன்றரை மடங்கு எடுத்தால் 675. உங்கள் எண்ணைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

சூத்திரத்துக்கு உள்ளே இன்னொன்று இருக்கிறது. இரு பக்கப் பாறைச் சுவர்களும் நிரப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதன் எடையில் ஒரு பங்கைத் தாங்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்த வகுத்தல் நடக்கிறது. வெடி வைத்து உடைத்த சுரங்கச் சுவர் மேடும் பள்ளமுமாக இருக்கும், நிரப்பு அதில் கவ்விக்கொள்ளும். நம் குவாரிச் சுவர் டயமண்ட் வயரால், அதாவது வைரத் துணுக்குகள் பதித்த கம்பியால், அறுத்தது. கையை வைத்துப் பாருங்கள், வழவழவென்று இருக்கும். அந்தச் சுவரில் நிரப்பு எவ்வளவு பிடிக்கும்? மிட்செல் குழுவினர்கூடத் தாளில் மட்டும் கணக்குப் போட்டுவிட்டு நிறுத்தவில்லை. சிமென்ட் கலந்த நிரப்பைச் சிறிய மாதிரிகளாக வார்த்து, ஒரு பக்கத்தைத் திறந்து, சரிகிறதா என்று பார்த்தார்கள். அவர்கள் சூத்திரத்தை எடுத்துக்கொண்ட நீங்கள் அவர்கள் பார்த்த வேலையையும் எடுத்துக்கொள்ளலாமே.

மழையைப் பற்றி அறிக்கையில் ஒரு பத்தி மட்டுமே இருக்கிறது. சுரங்கத்துக்குள் மழை பெய்வதில்லை. இங்கே ஆகஸ்டில் தொடங்கினால் அக்டோபர், நவம்பர் வரை விட்டுவிட்டுக் கொட்டும், குழிதான் சுற்று வட்டாரத் தண்ணீருக்கெல்லாம் வடிகால். ஒரு அடுக்கு ஊற்றி, மழைக்கு நிறுத்தி, மறுபடி அடுத்த அடுக்கு ஊற்றினால், இரண்டுக்கும் நடுவில் மெல்லிய சேற்றுப் படலம் இருக்கும். மேல் அடுக்கு வழுக்குவதற்கு அந்தப் படலம் போதும். உங்கள் மாடலில் நிரப்பு முழுவதும் ஒரே உடலாக, ஒரே வலிமையோடு நிற்கிறது. உள்ளே தேங்கும் தண்ணீர் வெளியே போக வழியில்லை என்றால் அது பக்கவாட்டில் தள்ளும். 2000-ஆம் ஆண்டு மேற்கு ஆஸ்திரேலியாவின் ப்ரான்ஸ்விங் தங்கச் சுரங்கத்தில் நிரப்பின் தடுப்பு உடைந்து, ஈர மணல் பாய்ந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அது சிமென்ட் கலவாத மணல் நிரப்பு, நம்முடையது வேறு என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் சரியாக இறுகாத நிரப்பு தண்ணீரோடு நிற்கும்போது மணலைப் போலத்தான் நடந்துகொள்ளும்.

இதையெல்லாம் சொன்னபோது கூட்டத்தில் ஓர் இளம் பொறியாளர், ஐயா, நீங்க பழைய காலத்து முறையைச் சொல்றீங்க என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தச் சுவரின் அடியில் நிற்கப்போவது அவரும் இல்லை, நானும் இல்லை. ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து விடிகாலை பஸ்ஸில் வருகிறவர்களும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து குவாரி ஷெட்டிலேயே தங்கியிருக்கிறவர்களும்தான் நிற்பார்கள். அவர்களில் ஒருவரும் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை.

நான் கேட்பவை இவை.

நடுச் சுவரை எடுக்கும் பகுதியை இப்போதே திட்டத்திலிருந்து பிரித்து நிறுத்தி வையுங்கள். குழியை நிரப்புவது வேறு, சுவரை எடுப்பது வேறு. முதலாவதற்குக் கிடைக்கும் ஒப்புதல் இரண்டாவதற்கும் சேர்த்துக் கிடைத்ததாக ஆகக் கூடாது.

ஸ்லரி தரப்போகும் ஒவ்வொரு ஃபேக்டரியிலிருந்தும், வெயில் காலத்தில் ஒரு முறையும் மழைக் காலத்தில் ஒரு முறையும் ஸ்லரி எடுத்து, அங்கே உண்மையில் பயன்படுத்தப்போகும் தண்ணீரிலேயே கலந்து, மாதிரிகள் வார்த்து 7, 28, 56, 90 நாட்களில் உடையுங்கள். திட்டத்தோடு பணத் தொடர்பு இல்லாத ஆய்வுக்கூடத்தில் உடையுங்கள். உடைக்கும் முன்பே உங்கள் மாடலின் கணிப்பை மூடிய உறையில் அதிகாரிகளிடம் கொடுத்துவிடுங்கள். உறையைப் பிரித்து உடைந்த எண்ணோடு ஒப்பிட்டால், மாடலை எவ்வளவு நம்பலாம் என்பது உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே நாளில் தெரிந்துவிடும். பொருந்தினால் அந்த மாடலை முதலில் ஆதரிக்கிறவன் நானாக இருப்பேன்.

மாடல் எந்தெந்தச் சுரங்கத்தின் முடிவுகளில் பழகியது, அவற்றில் கிரானைட் தூள் ஒன்றாவது உண்டா என்பதை வெளியிடுங்கள். தேவையான வலிமையை நம் குழியின் உண்மையான அகலத்துக்கும், அறுத்த வழவழப்பான சுவருக்கும் மறுபடி கணக்கிடுங்கள்.

பெரிய குழிக்குப் போகும் முன் ஒரு சின்னக் குழியை நிரப்பி, வடிகால் குழாயும் நீரழுத்தமானியும் பதித்து, ஒரு மழைக்காலம் முழுவதும் விடுங்கள். பிறகு மேலிருந்து அடிவரை கோர் (துளையிட்டு எடுக்கும் உருளை மாதிரி) எடுத்து, அடுக்குகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்த்து, அந்தக் கோரையும் உடையுங்கள். வண்டி வண்டியாக வரும் ஸ்லரியின் திடப்பொருள் அளவைக் குழி வாசலில் அளக்க ஆளும் கருவியும் ஒதுக்குங்கள். ஒத்துவராத வண்டியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அந்த ஆளுக்கு எழுத்தில் இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை குழியைச் சுற்றி வேலி போடுங்கள். அதற்கு எந்த மாடலும் வேண்டாம், இந்த மாதமே தொடங்கலாம்.

சோதனை முடிவுகள் வந்ததும், நல்லதானாலும் கெட்டதானாலும், தமிழில் எழுதி கிராம சபையில் வாசியுங்கள். குவாரியில் வேலை செய்கிறவர்களையும் அன்று அழையுங்கள், வட மாநிலத்தவர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்ல ஓர் ஆளையும் ஏற்பாடு செய்யுங்கள். இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் மறுக்கிறீர்கள் என்ற பதிலை அக்டோபர் 2 கிராம சபைக்கு முன் எழுத்தில் தாருங்கள். மாதிரி வார்க்க மோல்டு பிடிக்கவும் உருளைகளுக்குத் தேதி எழுதவும் ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
பர்கூர் வட்டாரத்தில் குழி ஓரம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பேக்ஃபில் ஆய்வுக்கூடப் பணியாளர்